உளவியல் மாணவருக்கு எந்த நிரல்மொழி?

உளவியல் இளங்கலைக்கு நிரல்மொழி எதற்கு என்று கேட்பவர்கள் அந்தப் பாடத்தில் எவ்வளவு புள்ளியியல் இருக்கிறது என்று பார்த்ததில்லை. கேள்வி எந்த மொழி என்பதுதான்.

ஜெயங்கொண்டத்தில் இருக்கும் என் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, எல்லாரும் பைத்தான்தான் படிக்கச் சொல்றாங்க. அதையே படிச்சிடவா?" எனக்குச் சோறு போடுவதே பைத்தான்தான். இருந்தாலும் ஆர் படி என்றேன்.

ஆர், 1990களில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் இருவரும் உருவாக்கியது. இலவசம். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே பழைய மடிக்கணினியிலும் ஓடும். இதெல்லாம் பைத்தானுக்கும் பொருந்தும். என் காரணம் வேறு.

தொண்ணூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்தால் நாலு பேராவது ஏதோ ஒரு கேள்வியைப் பதில் எழுதாமல் தாண்டியிருப்பார்கள். அந்தப் பத்திக்கு ஆரில் சராசரி கேட்டால் எண் வராது, 'என்ஏ' என்று வந்து நிற்கும். விடுபட்டதை நீக்கு என்று நாமே எழுதிக் கொடுத்தால்தான் கணக்கு நகரும். பைத்தானின் பாண்டாஸ் நூலகமோ விடுபட்டதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு எண்ணைக் கொடுத்துவிடும். எனக்கு அது வசதி. ஆனால் குடிப்பழக்கம், தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வியை ஒருவர் ஏன் தாண்டினார் என்று யோசிக்க வேண்டிய மாணவிக்கு, அந்த எரிச்சலூட்டும் 'என்ஏ' நல்ல வாத்தியார்.

1968இல் வந்த எஸ்பிஎஸ்எஸ் போதாதா? மெனுவில் சொடுக்கினால் விடை வரும்தான். அதிலும் கட்டளைகளை எழுதிச் சேமிக்கலாம், ஆனால் மெனு இருக்கும்போது யார் எழுதுகிறார்கள்? 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, 36 சதவீதத்தில்தான் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க முடிவு மறுபடி கிடைத்தது. நிரல் எழுதியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்லவில்லை. கணக்கையாவது இன்னொருவர் வரிக்கு வரி ஓட்டிப் பார்க்கலாமே! கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை இளங்கலையிலேயே ஆர் கற்பிக்கிறது; பாடங்களை இலவசமாகவும் வைத்திருக்கிறது.

பைத்தானுக்கு வேலை அடுத்த கட்டத்தில். பச்சை மையில் 'சிவப்பு' என்று எழுதிக் காட்டி, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறும். 1935இல் ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனை. தமிழ்ச் சொற்களோடு அதைச் செய்ய, நாட்டிங்ஹாமின் ஜோனதன் பியர்ஸ் தொடங்கிய சைக்கோபை போதும். கட்டங்களை இழுத்துவைத்தே சோதனையை அமைக்கலாம், அடியில் அது எழுதும் பைத்தான் நிரலையும் திறந்து படிக்கலாம். இரண்டாம் ஆண்டில் அங்கிருந்து தொடங்கட்டும்.