இரும்புக்குள் வெப்பம் ஏன் ஊர்ந்து செல்கிறது?

ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சுத்தியலால் தட்டினால், அந்த ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் மறுமுனையை அடைந்துவிடுகிறது. அதே முனையை உலைநெருப்பில் வைத்தாலோ, மறுமுனையைப் பிடித்திருக்கும் கைக்குச் சூடு தெரிய நெடுநேரம் ஆகிறது. ஒலி என்பது அணுக்களின் அசைவு. திண்மப் பொருளில் தங்கியிருக்கும் வெப்பமும் பெரும்பாலும் அணுக்களின் அசைவே. அப்படியிருக்க, ஒன்று பாய்ந்து ஓடுவதும் மற்றொன்று ஊர்ந்து செல்வதும் ஏன் என்பது தெளிவாக விளங்க இயற்பியலுக்கு இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பொருள் மொத்தமாக இடம்பெயராமல், அதன் சூடான பகுதியிலிருந்து குளிர்ந்த பகுதிக்கு வெப்பம் பரவுவது வெப்பக் கடத்தல் எனப்படும். இதைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தவர் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் ஃபூரியே. 1807-இல் அவர் பாரிஸில் அளித்த ஆய்வுரை, அதன் கணித முறையை லக்ராஞ்சு போன்ற மூத்த கணித மேதைகள் ஏற்க மறுத்ததால் தேங்கிக் கிடக்க, அவருடைய கோட்பாடு முழு நூலாக வெளிவந்தது 1822-இல்தான். வெப்பம் என்பது ஒரு நுண்பாய்மமா, துகள்களின் இயக்கமா என்று அக்காலத்தில் நடந்த சச்சரவுக்குள் ஃபூரியே நுழையாமல், எவ்வளவு வெப்பம் எவ்வளவு நேரத்தில் பாய்கிறது என்பதை மட்டுமே கேட்டார். அந்நூல் இன்றும் செல்லுபடியாவதற்கு அந்த அடக்கமே காரணம் எனலாம். அவர் கண்ட விதிப்படி, பாயும் வெப்பம் பொருளின் பரப்புக்கும், ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் வெப்பநிலை எவ்வளவு குறைகிறது என்பதற்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. எஞ்சியிருப்பது பொருளுக்குப் பொருள் மாறும் ஓர் எண். அதுவே வெப்பக் கடத்துத்திறன்.

ஒரு மீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் எதிரெதிர் முகங்களுக்கிடையே ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது, விநாடிக்கு எத்தனை ஜூல் வெப்பம் கடக்கிறது என்பதை இந்த எண் குறிக்கிறது. செம்புக்கு இது ஏறத்தாழ 400, இரும்புக்கு 80, ஈயத்துக்கு 35, கண்ணாடிக்கு 1, அசையாத காற்றுக்கு 0.026. உலோகங்கள் முன்னணியில் நிற்பதற்குக் காரணம், எந்த அணுவோடும் கட்டுண்டு கிடக்காத எலக்ட்ரான்கள் அவற்றுள் மின்சாரத்தோடு வெப்பத்தையும் சுமப்பதுதான். மின்சாரத்தை நன்கு கடத்தும் உலோகம் வெப்பத்தையும் அதே விகிதத்தில் நன்கு கடத்துவதை வீடமனும் ஃபிரான்சும் 1853-இலேயே அளந்து காட்டினர். ஆனால் இரும்போடு குரோமியமும் நிக்கலும் கலந்த எவர்சில்வரில், வேற்று அணுக்கள் எலக்ட்ரான்களை ஓயாமல் திசைதிருப்புவதால், கடத்துத்திறன் ஏறத்தாழ 15-க்கு இறங்கிவிடுகிறது. மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் தீ படும் இடம் மட்டும் கொதித்து, வெப்பம் பக்கவாட்டில் பரவ வழியின்றிப் பால் அடிப்பிடிப்பது இதனால்தான். பாத்திரத்தின் அடியில் செம்புத் தகடு பொருத்துவது அந்தப் பரவலுக்காகவே.

எலக்ட்ரான்கள் கட்டுண்டிருக்கும் பொருள்களில் வெப்பத்தைச் சுமப்பவை, அணுக்களின் ஒழுங்கான அடுக்கில் எழும் அதிர்வலைகள். இவற்றின் மிகச்சிறு ஆற்றல் பொட்டலங்களுக்கு ஃபோனான் என்று பெயர். இவை ஏறத்தாழ ஒலியின் வேகத்தில்தான் செல்கின்றன. அணுக்களைப் பிணைக்கும் விசை குறையற்ற வில்சுருள் போல இருந்திருந்தால், அலைகள் ஒன்றையொன்று பாதிக்காமல் ஊடுருவிச் சென்றிருக்கும் என்றும், பழுதற்ற படிகத்தில் வெப்பத்துக்குத் தடையே இருந்திருக்காது என்றும் பீட்டர் டிபை 1914-இல் சுட்டிக்காட்டினார். அந்தச் சிறு குறையால் அலைகள் மோதிச் சிதறும் விதத்தைக் குவாண்டம் கொள்கையின்படி ருடால்ஃப் பையர்ல்ஸ் 1929-இல் விளக்கினார். தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது: வெப்பத்தைச் சுமப்பவை மெதுவானவை அல்ல, அவற்றின் பயணம்தான் அடிக்கடி முறிகிறது. இரும்பில் பெரும்பங்கு வெப்பத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் ஒலியைவிடப் பன்மடங்கு விரைந்தவை என்றாலும், நுண்ணிய தூரத்துக்கு ஒருமுறை மோதித் திசைமாறுகின்றன.

இதற்கு வைரமே சிறந்த சான்று. மின்சாரத்தைக் கடத்தாத வைரம், வெப்பத்தைச் செம்பைவிட ஐந்து மடங்கு நன்றாகக் கடத்துகிறது; எடை குறைந்த கார்பன் அணுக்கள் மிக உறுதியாகப் பிணைந்திருப்பதால் அலைகளின் வேகம் அதிகம், சிதறல் குறைவு. இயற்கைக் கார்பனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு, நியூட்ரான் ஒன்று கூடுதலாக உள்ள கார்பன்-13 அணுக்களே. அவற்றைப் பெரிதும் நீக்கிச் செயற்கையாக வளர்த்த வைரத்தின் கடத்துத்திறன் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது என்று 1990-இல் அறியப்பட்டது. அணுவடுக்கில் ஒழுங்கே இல்லாத கண்ணாடியில் அலைகள் சில அணுக்களின் தொலைவைக் கடப்பதற்குள்ளேயே சிதறிவிடுகின்றன.

ஓயாமல் திசைமாறும் பயணத்துக்கு ஒரு விளைவு உண்டு: தூரம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகிறது. பொருள் சூடேற எவ்வளவு வெப்பத்தை விழுங்குகிறது என்பதும் இங்கே கணக்கில் சேர்கிறது. ஈயத்தின் கடத்துத்திறன் இரும்பினுடையதில் பாதிகூட இல்லை என்றாலும், ஈயம் சூடேறக் குறைந்த வெப்பமே போதுமாதலால், இரண்டிலும் சூடு ஏறத்தாழ ஒரே வேகத்தில் முன்னேறுகிறது. பன்னிரண்டு சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்தின் மேற்புறத்தில் உச்சிவேளையில் ஏறிய சூடு, அடிப்புறத்தில் உச்சம் தொட மூன்று நான்கு மணி நேரம் பிடிப்பதால், அறைக்குள் புழுக்கம் மாலையில் கூடுகிறது. நிலத்துக்கும் இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்த்தவர் ஃபூரியேதான். பகலிரவின் வெப்ப ஏற்றத்தாழ்வு மண்ணில் சில பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிட, அதைவிட 365 மடங்கு நீண்ட ஆண்டுச் சுழற்சி ஏறத்தாழ 19 மடங்கு ஆழம் இறங்குகிறது. மண்ணின் தன்மையைப் பொறுத்து ஆறேழு மீட்டர் ஆழத்தில் அது அரை ஆண்டு பிந்திவிடுவதால், மேலே கோடை உச்சத்தில் இருக்கும்போது அங்கே வெப்பநிலை, மிகச் சிறிய அளவிலேனும், ஆண்டின் கீழ்மட்டத்தில் இருக்கிறது.