குறட்டைக்கு ஆபரேஷன் பண்ணிட்டா ஸ்லீப் ஆப்னியா போயிடுமா? முடிவெடுக்கும் முன் இதைப் படிங்க

'படுத்ததும் குறட்டை விட்டுத் தூங்கிடுவார், கொடுத்து வச்சவர்' என்று வீட்டில் யாரையாவது சொல்லியிருப்போம். ஆனால், அவர் சரியாகத் தூங்குவதே இல்லை என்றால்?

2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹரி மும்பையில் காலமானபோது டாக்டர்கள் சொன்ன காரணம், அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா.

என்ன நடக்குது?

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கும். 10 விநாடி, சில நேரம் அதற்கு மேலும் மூச்சு நிற்கும். ஆக்சிஜன் குறைந்ததும் மூளை உலுக்கி எழுப்பும். காலையில் இது எதுவும் ஞாபகம் இருக்காது. தலைவலியும், வண்டி ஓட்டும்போது கண் சொருகுவதும்தான் மிச்சம். ரத்த அழுத்தமும் ஏறும். பெரும்பாலும் பக்கத்தில் படுப்பவர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

ஸ்லீப் டெஸ்ட் எடுத்தால், மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்று தெரியும். 5-க்குக் கீழ் என்றால் இயல்பு. 15-ஐத் தொட்டால் நடுத்தரம், 30-ஐத் தொட்டால் தீவிரம்.

முதல் சிகிச்சை மாஸ்க்தான்

1981-இல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய சிபேப் மெஷின், காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்தே வைக்கும். பிரச்சினை, தினமும் ராத்திரி மாஸ்க் போடணும். மூக்கு வறளும், சிலருக்கு மூச்சு முட்டுற மாதிரி இருக்கும். பலர் பாதியில் கழற்றி வைத்துவிடுகிறார்கள். 'பேசாம ஆபரேஷன் பண்ணிடலாமா?' என்ற கேள்வி இங்கேதான் வரும்.

எந்த ஆபரேஷன்?

அடைப்பு எங்கே என்பதைப் பொறுத்தது. லேசான மயக்கத்தில் தூங்கவைத்து, மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்ப்பார்கள்.

குழந்தைகளுக்கு டான்சில், அடினாய்டு பெரிதாக இருந்தால், அதை எடுப்பதே பெரும்பாலும் முதல் சிகிச்சை. நல்ல பலனும் இருக்கு.

பெரியவர்களுக்கு அவ்வளவு சுலபமில்லை. உள்நாக்கையும் அண்ணத்தின் பின்பகுதியையும் வெட்டிச் சீராக்கும் ஆபரேஷனில் இரண்டு வாரம் வரை எச்சில் விழுங்கவே வலிக்கும். அப்படியும் பலருக்கு முழுசா குணமாவதில்லை. மூக்குத் தண்டு வளைவைச் சரிசெய்தால் மட்டும் ஆப்னியா போகாது. ஆனால் மாஸ்க் போடுவது எளிதாகும், அதுவே பெரிய விஷயம். மேல், கீழ் தாடைகளை முன்னால் நகர்த்தும் ஆபரேஷன் நல்ல பலன் தரும். ஆனால் அது பெரிய ஆபரேஷன், முகத்தோற்றம் மாறலாம், உதடு, தாடை மரத்துப்போகலாம். 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நாக்கு நரம்புத் தூண்டல் கருவியை, பேஸ்மேக்கர் போல நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைப்பார்கள். செலவு மிக அதிகம்.

சத்தம் நின்றால் போதாது

அண்ண ஆபரேஷனுக்குப் பிறகு குறட்டை நின்றுவிடலாம், ஆனால் உள்ளே மூச்சு நிற்பது மட்டும் தொடரலாம். எச்சரிக்கை மணியே போய்விட்ட கதை! அதனால் காயம் ஆறி சில மாதம் கழித்து மறுபடி ஸ்லீப் டெஸ்ட் எடுப்பது கட்டாயம். இதைப் பற்றிப் பேசாமலே தேதி குறிக்கும் டாக்டர் என்றால், இன்னொரு ஈஎன்டி டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.

பல், குடலிறக்கம் என வேறு எதற்காக மயக்க மருந்து எடுத்தாலும், ஆப்னியா இருப்பதை முன்கூட்டியே சொல்லிடுங்க. சிபேப் மெஷின் இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துட்டுப் போங்க.