பொட்டலம் கட்டுவதற்கு முன்

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் எங்கள் கடையில் அதிகம் போவது முடக்கத்தான் பொடியும் அதிமதுரமும்தான். 14 கிலோமீட்டர் மலை சுற்றிய மூட்டுக்கு அது. வழியெல்லாம் அரோகரா போட்ட தொண்டைக்கு இது. திருவண்ணாமலை தேரடி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் மாமனார் தொடங்கிய நாட்டு மருந்துக் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். நான் வைத்தியர் இல்லை, கடைக்காரி. எது எங்கிருந்து வருகிறது, எது எதற்குப் போகிறது என்பது எனக்குத் தெரியும். கடுக்காய் ஜவ்வாது மலையிலிருந்து இறங்குகிறது. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மலைவாழ் மக்கள் காட்டில் பொறுக்குவது. நில ஆவாரை திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமைச் சரக்கு. அதிமதுரம் பெரும்பாலும் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து வரும் இறக்குமதி.

சரக்கு எதுவானாலும் வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே. “செடிதானேம்மா, பக்க விளைவு ஒண்ணும் இருக்காதுல்ல?”

இருக்கும். வயிற்றைக் கழிய வைக்கும், சர்க்கரையைக் குறைக்கும், காய்ச்சலைத் தணிக்கும் என்றுதானே வாங்குகிறோம்? உடம்புக்குள் போய் இத்தனை வேலை செய்யக்கூடிய பொருள், கூடாத வேலையையும் செய்யும். அதனால் பொட்டலம் கட்டுவதற்கு முன் சில கேள்விகள் கேட்பது என் வழக்கம். “மருந்து வாங்க வந்தா போலீஸ் ஸ்டேஷன் மாதிரி விசாரிக்கிறீங்களே” என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு.

வேறு என்ன மாத்திரை?

முதலில் கேட்பது இதைத்தான். சர்க்கரைக்குச் சிறுகுறிஞ்சான் பொடி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்கள். சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைத் தின்றது போல் இருக்கும்; இனிப்பே தெரியாது. அந்த இலை வெறும் இலையல்ல என்பதற்கு நாக்கே சாட்சி. மாத்திரையோடு அதையும் சேர்த்து, சாப்பாட்டையும் குறைத்தால் ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மயக்கம் வரும். மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறுவது அதைவிட ஆபத்து.

அதிமதுரத்துக்கு வேறு கதை. தொண்டை கரகரப்புக்கு ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வதால் கெடுதலில்லை. ஆனால் அதில் உள்ள கிளைசிரைசின் என்ற பொருள் அளவு மீறினால் உடம்பில் உப்பையும் நீரையும் தங்க வைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்தால் இதயத்துடிப்பு தடுமாறும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 54 வயதுக்காரர் ஒருவர் அதிமதுரச் சத்து சேர்த்த கறுப்பு மிட்டாயைச் சில வாரங்கள் தினமும் ஒன்றரைப் பை தின்று, பொட்டாசியம் சரிந்து, இதயம் நின்று இறந்தார். 2020இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அந்த விவரம் வெளியானது. அவர் தின்றது மருந்துகூட இல்லை, மிட்டாய். பிபி மாத்திரையோ, நீர் பிரிய மாத்திரையோ போடுகிறவர் மாதக்கணக்கில் அதிமதுரப் பொடி சாப்பிடக் கேட்டால், டாக்டரைக் கேட்டுவிட்டு வரச் சொல்வது இதனால்தான்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்களும் ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்களும் பூண்டு மாத்திரை, மஞ்சள் கேப்ஸ்யூல் சாப்பிடுவதைக்கூட டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

எந்தச் செடி, எந்தப் பாகம்?

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்தது. மொத்தம் நூறு பேருக்கு மேல். சேர்க்க வேண்டிய சீன மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா இனச் செடி ஒன்று மாறிப்போனதே காரணம். அந்த இனத்தில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயும் தரும். நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே இனம்தான். இரண்டையும் தேடி வருகிறவர்கள் இன்றும் உண்டு. உள்ளுக்குச் சாப்பிட நான் தருவதில்லை.

சீந்தில் கொடியிலும் இந்தக் குழப்பம் வந்தது. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று ஊரே சீந்தில் குடித்தபோது, மும்பையில் கல்லீரல் பாதித்த ஆறு பேரைப் பற்றி மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். அது சீந்தில்தானா, அதே சாயலுள்ள வேறு இனக் கொடியா என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்துக் கேட்டது. வாங்கிக் குடிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். வேலியில் படர்ந்த கொடியைக் கண்ணால் பார்த்து அறுத்துக் குடிப்பதில் ஆபத்து உண்டு.

செடி சரியாக இருந்தாலும் பக்குவம் தவறக்கூடாது. சுக்குக்கு மேல்தோலைச் சீவ வேண்டும், கடுக்காய்க்கு உள்ளே இருக்கும் கொட்டையை நீக்க வேண்டும். இதைப் பாட்டிமார்கள் யாரும் சொல்லாமலே செய்தார்கள். சேங்கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். முறைப்படி சுத்தி செய்யாமல் அது மருந்தாகாது. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கீல்வாத மாத்திரைக்காக அதன் விதையைத் தாராபுரம், மூலனூர்ப் பக்கம் ஏக்கர் கணக்கில் விளைவிக்கிறார்கள். அந்தக் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்று இலங்கையில் இறந்தவர்கள் உண்டு.

யாருக்கு?

“கொழந்தைக்கு வசம்பு குடுங்க” என்று கேட்டால், “கையில கட்டவா, நாக்குல தடவவா?” என்பேன். நாக்கில் தடவத்தான் என்றால் என் பதில், வேண்டாம். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் எலிகளில் கட்டிகளை உண்டாக்கியதால், அமெரிக்கா 1968இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். “எங்க மாமியார் எனக்கும் தடவினாங்க, நான் நல்லாத்தான இருக்கேன்” என்று வரும் பாட்டியிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. வயிறு உப்பினால் குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவேன்.

கர்ப்பிணிகளுக்கு நான் எதையுமே என் யோசனைப்படி கொடுப்பதில்லை. சித்த மருத்துவர் சீட்டு வேண்டும்.

வயதானவர்களிடம் கேட்பது எத்தனை நாளாக என்பது. மலச்சிக்கலுக்கு நில ஆவாரை கைகண்ட சரக்கு. உலகம் முழுதும் ஆங்கில மருந்துக் கடைகளில் மாத்திரையாகவே விற்கிறது. நாலு நாளுக்கு நல்லது. வருஷக்கணக்கில் தினமும் சாப்பிட்டால் குடல் அதையே எதிர்பார்க்கும், பொட்டாசியமும் குறையும்.

கீழாநெல்லியின் கணக்கு

இப்படி எல்லாவற்றுக்கும் பயம் காட்டினால் கடை எதற்கு என்று கேட்கலாம். மூலிகையின் பலன்மீது எனக்கு நம்பிக்கை உண்டு. சோதித்துப் பார்த்த பலன்மீது கூடுதல் நம்பிக்கை. சுடுகாட்டோரம் தானாக முளைக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் ரத்தப் புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின் வந்தது. அவ்வளவு வீரியமுள்ள செடியின் பூவைச் சர்க்கரைக்கென்று கஷாயம் வைத்துக் குடிப்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

கீழாநெல்லியைச் சோதித்தது நம் சென்னைப் பல்கலைக்கழகம். எஸ்.பி. தியாகராஜன் குழுவினரும், மஞ்சள் காமாலை பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாரூக் புளும்பெர்க்கும் சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அந்த வைரஸைச் சுமந்தவர்களில் கீழாநெல்லிப் பொடி 30 நாள் சாப்பிட்ட 59 சதவீதத்தினரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் மறைந்தது. மருந்தில்லாத வெறும் பொடி சாப்பிட்டவர்களில் 4 சதவீதம்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அப்படியானால் ஊரில் இத்தனை பேருக்குக் காமாலை இறங்கியது எப்படி? கெட்ட தண்ணீரால் வரும் ஏ, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். அந்த நேரத்தில் சாப்பிட்டது எதுவோ, பெயர் அதற்குப் போகும். பித்தப்பைக் கல் அடைத்து வரும் காமாலையும், கர்ப்பிணிக்கு வரும் ஈ வகைக் காமாலையும் காத்திருக்காது. கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு கீழாநெல்லி. இந்த வரிசை மாறக்கூடாது.

நிலவேம்புக் குடிநீருக்கும் இதே எச்சரிக்கைதான். ஒன்பது சரக்கு சேர்ந்தது அது. பெரியவர்களுக்கு 5 கிராம் பொடியை 200 மில்லி தண்ணீரில் போட்டு 50 மில்லியாக வற்ற வைத்து, அன்றன்றைக்குக் குடிக்க வேண்டும். டெங்கு காலங்களில் அரசே வழங்கியது. ஆனால் டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் அபாய நாள். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் கஷாயத்தை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது?

சித்த, ஆயுர்வேத மருந்து தயாரிக்க 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டப்படி உரிமம் வேண்டும். டப்பாவில் உரிம எண், தொகுதி எண், சேர்மானம், காலாவதித் தேதி இருக்க வேண்டும். எட்டி, சேங்கொட்டை, ஊமத்தை போன்ற நச்சுச் சரக்கு சேர்ந்த மருந்தில், மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடவும் என்ற எச்சரிக்கையும் வேண்டும். பாதரசம், கந்தகம் சேரும் செந்தூரங்களைப் பதிவு பெற்ற மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 தெற்காசிய மூலிகை மருந்துகளைச் சோதித்ததில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றாவது அளவுக்கு மீறி இருந்தது 2004இல் தெரியவந்தது.

கிரிவலப் பாதையோரம் தாளில் மடித்துத் தரும் பொடிக்கு இந்த விவரம் எதுவும் கிடையாது. ஒரே வாரத்தில் மூட்டு வலி பறந்துபோனால் சந்தோஷத்தோடு சந்தேகமும் பட வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலப்பவர்கள் உண்டு. முகம் உப்பும், சர்க்கரை ஏறும். சர்க்கரை, புற்றுநோய் உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

எங்கள் கடையில் உதிரியாகக் கட்டித் தரும் வேருக்கும் பட்டைக்கும் லேபிள் இல்லை. அதனால் பொட்டலத்தின் மேல் பெயரையும் தேதியையும் நானே எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் கடைக்காரரிடமும் எழுதித் தரச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு உண்டு. அங்கே ஆலோசனையும் மருந்தும் இலவசம். சாப்பிட்டு ஏதாவது ஒவ்வாமல் போனால் உடனே நிறுத்திவிட்டு அங்கே சொல்லுங்கள். ஆயுஷ் மருந்துகளின் பக்க விளைவைப் பதிவு செய்யத் தனித் திட்டமே இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதில் ஒரு மையம்.

“வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?” என்று டாக்டர் கேட்கும்போது முக்கால்வாசிப் பேர் கஷாயத்தைச் சொல்வதில்லை. திட்டுவார் என்ற பயம், அதெல்லாம் மருந்தா என்ற எண்ணம். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் பொட்டலத்தை அவர் மேசைமேல் வைத்துவிடுங்கள். திட்டினால் திட்டட்டும், எழுதப்போகும் மாத்திரையை அதைப் பார்த்துவிட்டு எழுதுவார்.