வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா? மாதக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள்

“வாடகையே வங்கித் தவணையைக் கட்டிவிடும்.” வாடகைக்கு விடுவதற்கென்று வீடு வாங்கச் சொல்லும் முகவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்த தோட்டத் தொழிலாளிக்கும், பட்டணத்தில் நிரந்தர வேலையில் இருக்கும் அவர் பிள்ளைக்கும் இது இனிக்கவே செய்யும். தோட்ட வீட்டில் காலமெல்லாம் இருந்துவிட்டு, வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுத்த குடும்பங்களுக்குச் சொத்தின்மேல் உள்ள ஆசையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு வரியில் பல செலவுகள் மறைந்திருக்கின்றன.

ஓர் உதாரணம் பார்க்கலாம். விலை 250,000 வெள்ளி உள்ள அடுக்குமாடி வீடு. பிள்ளையின் பெயரில் 90 விழுக்காடு கடன், அதாவது 225,000 வெள்ளி. வட்டி 4 விழுக்காடு, 30 ஆண்டுகள் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 1,074 வெள்ளி. வாடகை 1,200 வெள்ளி கிடைக்கிறது. மிச்சம் 126 வெள்ளி. பலர் இத்துடன் கணக்கை மூடிவிடுகிறார்கள்.

பராமரிப்புக் கட்டணமும் அதன்மேல் 10 விழுக்காடு சேமிப்பு நிதியும் சேர்த்து மாதம் 180 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வாடகைக்காரர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைக் கட்ட வேண்டியவர் உரிமையாளர்தான். மதிப்பீட்டு வரி, நிலவரி, காப்புறுதி ஆகியவற்றுக்கு 60 வெள்ளி, குழாய், கூரைக்கசிவு, பெயிண்ட் வேலைக்கு 50 வெள்ளி. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் மாதத்துக்கு 100 வெள்ளி குறைகிறது. இப்போது 126 வெள்ளி இலாபம், 264 வெள்ளி நட்டமாக மாறிவிட்டது. அந்தப் பணம் ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்து போக வேண்டும்.

சாவி வாங்கும் முன்பே ஆகும் செலவு வேறு. முன்பணம் 25,000, பெயர் மாற்றத்துக்கான முத்திரை வரி 4,000, கடன் பத்திரத்துக்கு 1,125, இரண்டு பத்திரங்களுக்கும் வழக்கறிஞர் கட்டணம் ஏறக்குறைய 6,000. ஆக மொத்தம் 36,000 வெள்ளிக்கு மேல். முதல் வீடு வாங்குவோருக்கான முத்திரை வரிச் சலுகை இரண்டாவது வீட்டுக்குக் கிடையாது. முதல் வீட்டுக்காக ஏற்கெனவே சேமநிதியில் பணம் எடுத்த பிள்ளை, அந்த வீட்டைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டாவது வீட்டுக்கென எடுக்கவும் முடியாது.

“கடனே வேண்டாம், அப்பாவின் சேமநிதிப் பணத்தில் ரொக்கமாக வாங்கிவிடலாம்” என்பவர்களும் உண்டு. அதே வீட்டில் ஆண்டு வாடகை 14,400 வெள்ளி. மேற்சொன்ன செலவுகளும் ஒரு மாத இடைவெளியும் போக 9,720 வெள்ளி நிற்கும். போட்ட பணத்துக்கு இது 3.9 விழுக்காடு. ஊழியர் சேமநிதி வாரியம் 2024ஆம் ஆண்டுக்கு, வழக்கமான சேமிப்பில் அறிவித்த ஈவு 6.30 விழுக்காடு. 55 வயதானதும் பணத்தை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வீட்டின் விலை ஏறலாம் என்பது உண்மைதான். ஆனால் அப்பாவுக்கு அவசர சிகிச்சை என்றால் வீட்டிலிருந்து ஓர் அறையை மட்டும் விற்றுப் பணம் எடுக்க முடியாது. அவசரத்துக்கு முழு வீட்டையும் விற்றாலும், வாங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் என்றால் இலாபத்தில் 30 விழுக்காடு சொத்து ஆதாய வரியாகப் போகும். ஆறாவது ஆண்டிலிருந்துதான் குடிமக்களுக்கு அந்த வரி இல்லை.

இத்தனைக்குப் பிறகும் கணக்கு ஒத்துவந்தால், கட்டடத்தை இரவில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மின்தூக்கி ஓடுகிறதா, குப்பை அள்ளப்படுகிறதா, நிர்வாக அலுவலகத்தில் எத்தனை வீட்டார் கட்டணப் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். மலிவு விலை வீடாக இருந்தால், விற்கவோ வாடகைக்கு விடவோ தடை இருக்கிறதா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஒப்பந்தம். “தெரிந்த பையன், நம்ம தோட்டத்துக்காரன்” என்று வாய்ப்பேச்சில் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, அரை மாதம் தண்ணீர், மின்சாரத்துக்கு, முதல் மாத வாடகை முன்கூட்டியே என்பதுதான் வழக்கம். 1,200 வெள்ளி வீட்டுக்கு இது 4,200 வெள்ளி. ஒப்பந்தத்துக்கு 30 நாள்களுக்குள் முத்திரை வரி கட்ட வேண்டும். முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. மின்சாரக் கணக்கை வாடகைக்காரர் பெயருக்கு மாற்றிவிடுவது நல்லது.

வீடு கேட்டுப் போய், இந்தியர் என்பதாலேயே மறுக்கப்பட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. நாம் வீட்டுக்காரராக மாறும்போது இனத்தைப் பார்க்காமல் சம்பளச் சீட்டையும் முந்தைய வீட்டுக்காரரின் வார்த்தையையும் பார்ப்பதே நியாயம். பணத்துக்கும் அதுதான் பாதுகாப்பு.

வாடகை நின்றுபோனால் கோபத்தில் பூட்டை மாற்றுவதோ சாமான்களை வெளியே வைப்பதோ கூடாது. 1950ஆம் ஆண்டு குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவின்படி, ஒப்பந்தக் காலம் முடிந்தும் வெளியேறாதவரைக்கூட நீதிமன்றத்தின் மூலமே வெளியேற்ற முடியும். அதற்கு மாதங்கள் ஆகலாம், வழக்கறிஞர் செலவும் உண்டு. அதனால் மூன்று, நான்கு மாதத் தவணைக்கான பணத்தைத் தனியாக வைத்திராதவர்கள் இப்போதைக்கு வாங்காமல் இருப்பதே மேல்.

வாடகை வருமானத்துக்கு வரி உண்டு. கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, நிலவரி, தீக்காப்புறுதி, பழுதுபார்ப்புச் செலவுகளைக் கழித்துக்கொள்ளலாம். முதல் வாடகைக்காரரைத் தேடித் தந்த முகவருக்குக் கொடுத்த கட்டணத்தைக் கழிக்க முடியாது. இரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.