கணிப்பொறியில் 'அ' படும் பாடு

கணிப்பொறிக்கு எழுத்தே தெரியாது, எண்கள்தாம் தெரியும். கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்த யூ.டி.எஃப்-8 முறையில், நமது 'அ' என்பது 224, 174, 133 என்னும் மூன்று எண்கள். இவற்றையே பழைய மேனாட்டு விண்டோஸ் அட்டவணையைக் கொண்டு படித்தால் என்னவாகும்? தலையில் கோடிட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', மூன்று புள்ளிகள் எனத் திரையில் தோன்றும்! பெற்றோர் இணையப் படிவத்தில் தட்டெழுதிய மகளின் பெயர் இப்படித்தான் உருமாறுகிறது. பொதுத்தேர்வுச் சான்றிதழுக்குப் பெயர் கொடுக்கும் எங்களுக்கு இது விளையாட்டல்ல. ஆயினும் பெரும்பாலும் எண்கள் கெட்டிருக்காது. பக்கத்தின் தலைப்பில் யூ.டி.எஃப்-8 என்று அறிவித்தால் பெயர் திரும்பிவிடும்.

சதுரக் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். அது சிறு குறையே. கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால்தான் நாம் அஞ்ச வேண்டும். தரவுத்தளம் லத்தீன் எழுத்துக்கென்றே அமைந்திருந்தால், சேமிக்கும்போதே ஒவ்வொரு தமிழ்க் குறியும் 63 என்ற எண்ணாகிவிடக்கூடும். கேள்விக்குறியின் எண் அதுதான். 'அ'வும் 63, 'க'வும் 63 என்றான பிறகு எதிலிருந்து எதைப் பிரிப்பது? ஆதலால் திரையைத் திருத்துமுன், தரவுத்தளத்தில் கிடக்கும் எண்களைப் பார்ப்பதே முறை. 224-இல் தொடங்கும் மும்மூன்று எண்களாக இருந்தால் பெயர் பத்திரமாக உள்ளது. வெறும் 63-களாக இருந்தால், பெற்றோரிடமே மீண்டும் கேட்டு எழுத வேண்டியதுதான்.