இடுப்பு நரம்பு வலிக்கு ஊசி: தீர்வா, தவணையா?

இடுப்பில் தோன்றி, பிட்டம் வழியாகத் தொடையிலும் கெண்டைக்காலிலும் இறங்கி, பாதம் வரை சுரீரெனப் பாயும் வலியை நம்மவர் பலரும் அறிவர். காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்தவர்களும், செம்பனைக் குலைகளை ஏற்றி இறக்குபவர்களும், நாள் முழுதும் லாரி ஓட்டுபவர்களும் மட்டுமல்லர். நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதுபவர்களும் இதற்கு ஆளாகின்றனர். மருத்துவர் இதனைச் 'சயாட்டிக்கா' என்பர்.

மாத்திரையும் பயிற்சியும் பயன் தராதபோது, இடுப்பில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்ற யோசனை எழுகிறது. அதைக் கேட்டதும், "தண்டுவடத்தில் ஊசி பட்டால் கால் விளங்காமற் போய்விடுமே!" என்று சிலர் அஞ்சுகின்றனர். வேறு சிலரோ, ஓர் ஊசியோடு தொல்லை ஒழிந்தது என்றெண்ணிக் கடன் வாங்கியேனும் போட்டுக்கொள்ள முனைகின்றனர். இவ்விரண்டும் பொருந்தா. இவ்வூசி எங்கே போடப்படுகிறது, எதைச் செய்கிறது, எதைச் செய்யாது என்பவற்றை அறிந்தால் வீண் அச்சமும் நீங்கும். வீண் நம்பிக்கையும் நீங்கும்.

வலி பிறக்கும் இடம்

நம் இடுப்பில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஈரெலும்புகளுக்கு இடையே வட்டமான தட்டு ஒன்று மெத்தைபோல் அமைந்திருக்கிறது. அதன் ஓரம் உறுதியான நார் வளையம். நடுவே இருப்பது கூழ் போன்ற பொருள். வயதினாலோ பளுவினாலோ வளையம் கிழிந்தால், வெடித்த கொழுக்கட்டையிலிருந்து பூரணம் பிதுங்குவதுபோல் அக்கூழ் பிதுங்கி, அருகிற் செல்லும் நரம்பு வேரை நெருக்குகிறது. அவ்வேர்கள் பல கூடியே காலுக்குச் செல்லும் பெருநரம்பு உண்டாகிறது. ஆகவே கோளாறு இடுப்பில் இருப்பினும் வலி காலில் தெரிகிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் 1934-இல் இதனைத் தெளிவுபட விளக்கி எழுதினர்.

நெருக்கம் மட்டுமே வலிக்குக் காரணம் அன்று. பிதுங்கிய கூழிலுள்ள இரசாயனப் பொருள்கள் நரம்பு வேரைத் தாக்கி அழற்சியை உண்டாக்குகின்றன. தட்டுப் பிதுங்கியிருந்தும் வலியே இல்லாதவர்கள் பலர் இருப்பதை நோக்கினால் இது நன்கு விளங்கும். ஸ்டீராய்டு தணிப்பது இந்த அழற்சியைத்தான். கிழிந்த வளையத்தைத் தைக்கும் ஆற்றலோ, பிதுங்கிய கூழை உள்ளே தள்ளும் ஆற்றலோ அதற்கு இல்லை.

ஊசி செல்லும் இடம்

தண்டுவடத்தையும் நரம்பு வேர்களையும் ஓர் உறை மூடியிருக்கிறது. அவ்வுறைக்கும் எலும்புக்கும் இடையே, கொழுப்பும் சிறு இரத்தக் குழாய்களும் நிறைந்த ஒடுங்கிய வெளி ஒன்றுண்டு. மருந்து செலுத்தப்படுவது அங்கேதான், தண்டுவடத்துக்குள் அன்று. மேலும், பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதலிரண்டு முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை குதிரைவால் போலத் தொங்கும் நரம்பு வேர்களே. எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டும், சாயமருந்து சிறிது செலுத்தி இடத்தை உறுதி செய்துகொண்டும் ஊசி போடுவது இன்று பெருவழக்கு.

இந்த வழியை முதலில் காட்டியவர்கள் பாரிஸ் நகரத்துச் சிக்கார், கத்தலென் என்னும் இருவர். 1901-இல் அவர்கள் தனித்தனியே, வாலெலும்பை ஒட்டிய துளை வழியாகக் கொக்கெயின் கரைசலை இவ்வெளிக்குள் செலுத்தினர். ஸ்டீராய்டு மருந்து அப்போது இல்லை. 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ஹென்ச் என்பவர் மூட்டுவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் கொடுத்து வியத்தகு பயன் கண்டார். அவரும் கெண்டலும் ரைக்ஸ்டைனும் 1950-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அடுத்த சில ஆண்டுகளிலேயே ஐரோப்பிய மருத்துவர் இவ்வின மருந்தை இடுப்பு நரம்பு வலிக்கு ஊசியாகப் போடத் தொடங்கினர்.

ஆராய்ச்சி கூறுவது என்ன?

கனடாவில் 158 நோயாளிகளை ஆராய்ந்து 1997-இல் ஒரு முடிவு வெளியிட்டனர். ஒரு சாராருக்கு ஸ்டீராய்டும் மறு சாராருக்கு உப்பு நீரும் ஊசியாகப் போடப்பட்டன. ஆறு வாரத்தில், மருந்து பெற்றவர்களுக்குக் கால் வலி சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தது. மூன்று மாதத்தில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. ஓராண்டுக்குள் இரு சாராரிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அறுவைச் சிகிச்சைக்குச் சென்றனர். 25 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2020-இல் வெளியான ஆய்வும், குறுகிய காலத்தில் கால் வலி 100-க்கு 5 புள்ளி அளவே கூடுதலாகக் குறைவதாகக் கண்டது. முதுமையினால் எலும்புக் குழல் ஒடுங்கி வலிப்பவர்கள் 400 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டு சேர்ப்பதால் ஆறு வாரத்தில் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் காணப்படவில்லை.

அங்ஙனமாயின் இவ்வூசி வீணா என்று வினவலாம். வீணன்று. பிதுங்கிய கூழ் பலருக்கு மாதங்கள் செல்லச் செல்லத் தானே சுருங்குகிறது, வலியும் தணிகிறது. இயற்கை தன் வேலையைச் செய்யும் அந்த இடைக்காலத்தில், வலியால் உறங்கவும் நடக்கவும் இயலாதவருக்குச் சில வாரம் ஆறுதல் கிடைப்பது பெரிது. கடனுக்குத் தவணை வாங்குவது போன்றது இது. தவணை கிடைத்ததாலேயே கடன் தீர்ந்துவிடாது. ஆனால் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

கருத்தில் கொள்ள வேண்டியவை

ஊசியால் தீங்கே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2012-இல் அமெரிக்காவில், பூஞ்சை கலந்த ஸ்டீராய்டு மருந்தால் 750-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களுள் 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். குற்றம் மருந்து தயாரித்த இடத்தின் தூய்மைக் குறைவில் இருந்தது. பார்வை இழப்பு, பக்கவாதம் போன்ற கடுந்தீங்குகள் அரிதாக நேரலாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014-இல் எச்சரித்தது. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஊசிக்குப்பின் சில நாள் சர்க்கரை ஏறும். நீரிழிவையும், இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்பதையும், காய்ச்சலோ சீழ்ப்புண்ணோ இருப்பதையும் மருத்துவரிடம் மறைக்கலாகாது.

ஒன்றை மட்டும் வீட்டார் அனைவரும் நினைவில் இருத்த வேண்டும். சிறுநீர் இறங்காமற் போதல், அமரும் இடம் மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க இயலாமற் போதல் ஆகியவற்றுள் எதுவேனும் திடீரெனத் தோன்றினால், அது ஊசிக்குக் காத்திருக்கும் நேரம் அன்று. அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் இழந்த உணர்வும் வலுவும் திரும்பாமலே போகலாம்.

மற்றவர்கள் ஊசிக்கு இசையுமுன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: என் வலி நரம்பு வேரிலிருந்து வருவதுதானா? எத்தனை வாரம் பயன் எதிர்பார்க்கலாம்? அந்த வாரங்களில் நான் என்ன பயிற்சி செய்ய வேண்டும்? மூன்றாவது கேள்வியை விட்டுவிடுபவரே மீண்டும் மீண்டும் ஊசியைத் தேடிச் செல்ல நேரும். வலி தணிந்த நாட்களில் நடந்து பழகி, முதுகுத் தசைகளை வலுப்படுத்தி, பளு தூக்கும் முறையைத் திருத்திக்கொள்பவரே பெற்ற தவணையைப் பயன்படுத்திக் கொண்டவர் ஆவார்.