கிணற்று விஷத்தைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா!

தண்ணீர் தெளிவாக இருக்கும். வாடை இருக்காது, ருசியும் மாறாது. ஆனால், பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தால் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துச் சொரசொரப்பாகும். புற்றுநோய் வரை கொண்டுபோய்விடும். அந்த விஷத்தின் பெயர் ஆர்செனிக்.

வங்கதேசத்தில் குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கைத் தடுக்க, 1970-களில் ஊர் ஊராக அடிபம்புகள் போட்டார்கள். ஆனால், அங்கே நிலத்தடியில் இயற்கையாகவே ஆர்செனிக் இருந்தது. 1990-களில்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. பிறகு, சுமார் 50 லட்சம் பம்புகளைச் சோதித்து, ஆபத்தானதற்குச் சிவப்பு, மற்றதற்குப் பச்சை வண்ணம் பூசினார்கள். சோதனைக்குப் பயன்பட்ட ரசாயனப் பெட்டிகளிலோ குறைந்த அளவு விஷம் சில நேரம் தப்பிவிடும். சோதனையின்போது நச்சு வாயுவும் உண்டாகும்.

காவலாளி செய்யும் வேலை

இதற்கு மாற்றாக வந்ததுதான் மரபணு மாற்றிய ஈ.கோலை பாக்டீரியா. ஆர்செனிக் உள்ளே நுழைந்தால் வெளியே தள்ளும் திறன் ஈ.கோலைக்கு இயல்பிலேயே உண்டு. அந்த மரபணுவை ஒரு புரதம் காவலாளிபோலப் பூட்டி வைத்திருக்கும். ஆர்செனிக் வந்து ஒட்டியதும் பூட்டு திறந்துகொள்ளும். விஞ்ஞானிகள் அந்தப் பூட்டுக்குப் பின்னால், ஒளிரும் பாக்டீரியாவின் மரபணுவை இணைத்தார்கள். விஷம் கூடக்கூட ஒளியும் கூடும். அதைக் கருவியால் அளக்கலாம்.

சுவிட்சர்லாந்து, வியட்நாம் விஞ்ஞானிகள் செவ்வாறு, மீகாங் டெல்டா பகுதிகளில் எடுத்த 194 நிலத்தடி நீர் மாதிரிகளை இப்படிச் சோதித்து, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். ரசாயனப் பெட்டிகளைவிட இது நம்பகமாக இருந்தது. 2006-ல் எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள், நிறமாற்றத்தை வைத்தே கண்ணால் பார்த்துச் சொல்லும் முறையை உருவாக்கினார்கள்.

கிணற்றில் விடுவதில்லை

பாக்டீரியாவைக் கிணற்றில் கலப்பதில்லை. தண்ணீரைத்தான் பாக்டீரியா உள்ள குப்பியில் ஊற்றுகிறார்கள். சோதனை முடிந்ததும் பாக்டீரியாவை அழித்துவிட வேண்டும். மரபணு மாற்றிய உயிர் என்பதால், ஆய்வகத்துக்கு வெளியே பயன்படுத்தப் பல நாடுகளில் கடும் விதிகள் உண்டு.

கவனத்தில் வைக்க...

* உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதாவது, 1 லட்சம் லிட்டருக்கு 1 கிராம்.
* கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆர்செனிக் போகாது.
* பாசன நீரில் ஆர்செனிக் இருந்தால் நெல்லிலும் ஏறும்.
* பக்கத்துக் கிணறு நல்லது என்பதால் நம் கிணறும் நல்லது என்று அர்த்தமில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.